மாடல் ரயில் விளக்குகளுக்கு 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா, பழைய 16 வோல்ட் ஏசியா?

சிறுபாதை:
எச்ஓ அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) ஒரு மாடல் ரயில் லேஅவுட் கட்டுகிறேன். தண்டவாளம் போட்டாகிவிட்டது, அடுத்து விளக்குகள். வீடு, தெருவிளக்கு, நடைமேடை எல்லாம் சேர்த்து நாற்பது வெள்ளை எல்இடி வரும், கொஞ்சம் சிக்னல்கள், அப்புறம் ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்டுகளை மின்காந்தக் காயிலால் ஒரே இழுப்பில் நகர்த்தும் சாலினாய்டு வகை மோட்டார்கள். பழைய கன்ட்ரோலரின் பின்னால் 16 வோல்ட் ஏசி தரும் இரண்டு முனைகள் சும்மா இருக்கின்றன. எல்லாவற்றையும் அதிலேயே மாட்டிவிடலாமா, தனி அடாப்டர் வாங்க வேண்டுமா? வாங்கினால் எத்தனை வோல்ட்?

மின்வழி:
தனி அடாப்டர், 12 வோல்ட் டிசி. யோசிக்கவே வேண்டாம். கடையில் வரும் தெருவிளக்கு, சிக்னல், மெதுவாக நகரும் பாயின்ட் மோட்டார் என்று பாதிப் பொருட்கள் 12 வோல்ட்டை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. வெறும் எல்இடி என்றால் ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 9 வோல்ட்டுக்கு 9 மில்லிஆம்ப் ஓடும், நல்ல வெளிச்சம். வாங்கும் விளக்கில் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், இல்லாததை நேராக 12-இல் வைத்தால் அந்த நொடியே போய்விடும்.

தாழ்மின்:
3 வோல்ட் விளக்கை எரிக்க 12 வோல்ட் கொடுத்து, முக்கால் பங்கு மின்சாரத்தை ரெசிஸ்டரில் சூடாக்கி வீணாக்குவதை ஏன் எல்லாரும் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. போன் சார்ஜர் வீட்டிலேயே கிடக்கும், 5 வோல்ட். நாளைக்கு ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை வைத்து விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட ஆசை வரும், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் வைத்து கேட் ஏற்றி இறக்க ஆசை வரும், அதெல்லாம் 5 வோல்ட்தான்.

மின்வழி:
வயரை மறந்துவிட்டீர்கள். மெல்லிய 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு 0.086 ஓம். மேசையின் அந்தக் கோடி 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர், 0.86 ஓம். அதில் 1 ஆம்ப் ஓடினால் 0.86 வோல்ட் வழியிலேயே போகும். 12-இல் அது கண்ணுக்கே தெரியாது. 5-இல் எல்இடிக்கு மேல் மிச்சம் இருப்பதே 2 வோல்ட், அதில் 0.86 போனால் கடைசி வீட்டுக்குப் பாதி வெளிச்சம்தான். வீணாகிறது என்கிறீர்களே, மூன்று வெள்ளை எல்இடியைத் தொடராகக் கோர்த்து 330 ஓம் போட்டால் அதே 9 மில்லிஆம்பில் மூன்றும் எரியும். 12 வோல்ட் எல்இடி பட்டைகளை மூன்று மூன்றாக வெட்டச் சொல்வதே இதனால்தான்.

தாழ்மின்:
கணக்கு சரி, அந்த 1 ஆம்ப் எங்கிருந்து வந்தது? ஜன்னலுக்குள் இருக்கும் எல்இடிக்கு 9 மில்லிஆம்ப் கொடுத்தால் வீடு வெல்டிங் பட்டறை மாதிரி இருக்கும். 2 மில்லிஆம்ப் தாராளம். 5 வோல்ட்டில் அதே 1 கிலோ ஓம் போட்டால் சரியாக 2 வரும், நாற்பதுக்கும் சேர்த்து 80 மில்லிஆம்ப். உங்கள் வயரில் 0.07 வோல்ட்தான் குறையும். தொடராகக் கோர்த்தால் மூன்று வீடும் ஒன்றாகத்தான் எரியும், ஒன்று போனால் மூன்றும் போகும், அதையும் சொல்லுங்கள்.

மின்வழி:
80 மில்லிஆம்ப் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா எல்இடியும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று 2.8-இல் எரியும், ஒன்று 3.2 கேட்கும். 5 வோல்ட்டில் ஒன்றுக்கு 2.2, இன்னொன்றுக்கு 1.8 மில்லிஆம்ப். 12-இல் அந்த வித்தியாசம் சில சதவீதம்தான். நடைமேடையில் வரிசையாக நிற்கும் விளக்குகளில் இது முக்கியம்.

பழைய கைகாட்டி:
இருவரும் அந்த 16 வோல்ட் ஏசியைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். சாலினாய்டு மோட்டாருக்கு அதுதான் சரி. நடுவில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விடும் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே அடியில் பாயின்ட் மாறும், பொத்தான் சிக்கிக்கொண்டாலும் காயில் கருகாது. பழைய கோதுமைமணி பல்பும் (கோதுமை மணி அளவிலான குட்டி இழை பல்பு) அதில் எரியும். 12 வோல்ட் பல்புகளை இரண்டிரண்டாகத் தொடராக வைத்தால் ஆளுக்கு 8 வோல்ட், மஞ்சளாக, இதமாக, பல வருடம் எரியும். நீராவி எஞ்சின் காலத்து நிலையத்துக்கு அந்த வெளிச்சத்தை எந்த எல்இடியும் தருவதில்லை, இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாழ்மின்:
பல்புக்குச் சரி ஐயா. ஆனால் இவர் கேட்டது எல்இடி. 16 வோல்ட் ஏசியின் உச்சி 22 வோல்ட்டைத் தாண்டும், மின்சாரம் எதிர்த்திசையில் வரும்போது சாதாரண எல்இடி தாங்குவது 5 வோல்ட் அளவுதான். ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு இல்லாமல் மாட்டச் சொல்லிவிடாதீர்கள்.

பழைய கைகாட்டி:
சொல்லவில்லை தம்பி. ஒற்றை டயோடு போட்டால் எல்இடி பிழைக்கும், ஆனால் நொடிக்கு 50 முறை அணைந்து எரிவது ஓரக்கண்ணில் தெரியும். ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் கெப்பாசிட்டரும் வைத்தால் வெளிச்சம் நிலையாகும், ஆனால் 20 வோல்ட்டுக்கு மேல் வரும். 1 கிலோ ஓமோடு விட்டால் கால் வாட் ரெசிஸ்டர் சுடும். 4.7 கிலோ ஓம் போடுங்கள், 4 மில்லிஆம்ப் வரும்.

சிறுபாதை:
சரி, மோட்டாருக்கு மட்டும் 16 ஏசி, விளக்குக்கு 12 டிசி என்று போகிறேன், வீடுகளுக்கு 4.7 கிலோ ஓம் போட்டு மங்கலாகவே வைக்கிறேன். வயர் மிச்சமாகட்டும் என்று இரண்டுக்கும் ஒரே ரிட்டர்ன் வயர் (மின்சாரம் திரும்பி வரும் வயர்) போடலாமா?

மின்வழி:
வேண்டாம். மோட்டார் அடிக்கும்போது அந்தக் கணம் சில ஆம்ப் இழுக்கும், பொது வயரில் வோல்ட்டேஜ் விழுந்து விளக்கெல்லாம் துடிக்கும். பிறகு பழுது தேடும்போது எது எதனுடைய வயர் என்றே தெரியாது. ஏசிக்கு ஒரு நிற ஜோடி, டிசிக்கு வேறு நிற ஜோடி. 12 வோல்ட் பக்கம் 1 ஆம்ப் ஃபியூஸ் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

தாழ்மின்:
ரிட்டர்ன் விஷயத்தில் அவர் சொல்வது சரி. வோல்ட்டேஜில் இன்னும் 5 பக்கம்தான் நிற்கிறேன். சர்வோ வாங்கும்போது 12-ஐ 5 ஆக்கும் பக் கன்வெர்ட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள், மாட்டும் முன் மல்டிமீட்டரை வைத்து வெளியே 5 வருகிறதா என்று திருகிச் சரிசெய்துகொள்ளுங்கள்.