பக்கவாதத்தில் மூளைக் கசிவு: சீ.டி.யை உரைகல்லாக வைத்து எம்.ஆர்.ஐ.யை மதிப்பிடலாமா?

கின்சி_வீதி:
வணக்கம். பட்டப்பின் படிப்புக்கு ஆய்வு முன்மொழிவு எழுதுகிறேன். கொழும்பில், பக்கவாத அறிகுறி தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள் வருகிறவர்களுக்கு மூளைக்குள் இரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க, மருந்து ஏற்றாத சாதாரண சீ.டி.யையும் எம்.ஆர்.ஐ.யில் இரத்தத்தைக் கறுப்பாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. படத்தையும் ஒப்பிடுவதுதான் திட்டம். சீ.டி.யை உரைகல்லாக, அதாவது சரியான விடையாக, வைக்கலாம் என்று நினைக்கிறேன். கசிவுள்ள 30 பேர் போதுமா? எம்.ஆர்.ஐ.யில் எந்தெந்த சீக்குவன்ஸ் (பட வகை) கட்டாயம்?

கறுப்பு_வெள்ளை:
உரைகல் விஷயத்தில் முதலிலேயே கையை வைக்கவேண்டும். சீ.டி.யே உரைகல் என்றால் அது எந்தக் கசிவையும் தவறவிட வழியில்லை, எம்.ஆர்.ஐ. கூடுதலாகக் காட்டுவதெல்லாம் "பொய் நேர்முடிவு" ஆகிவிடும். 2004இல் அமெரிக்காவில் 200 பேருக்கு 6 மணித்தியாலத்துக்குள் இரண்டையும் எடுத்துப் பார்த்தார்கள். புதிய கசிவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் 4 பேரில் சீ.டி.யில் தெரியாத புதிய கசிவு எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஒருவருக்கு இருந்த சப்அரக்னொயிட் (மூளையைச் சுற்றிய உறைகளுக்கிடையிலான) கசிவை எம்.ஆர்.ஐ. தவறவிட்டது. 49 பேரில் பழைய கசிவுகள், பெரும்பாலும் நுண்கசிவுகள், எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்தன. உங்கள் திட்டப்படி அந்த 4 பேரும் எம்.ஆர்.ஐ.யின் பிழையாகிவிடுவார்கள்.

உரைகல்லாக ஒரு குழுவின் முடிவை வையுங்கள்: முதல் ஸ்கேன் இரண்டு, 24 மணித்தியாலத்துக்குப் பிந்தைய சீ.டி., நோயாளியின் போக்கு எல்லாம் குழுவின் கையில் இருக்கட்டும். முதலில் படம் படிப்பவர்களுக்கு மற்றப் படமும் தெரியக்கூடாது, நோய் விவரமும் தெரியக்கூடாது. புதிய கட்டி (மூளைக்குள் கசிந்து சேர்ந்த இரத்தம்), சப்அரக்னொயிட், அடைப்புப் பகுதிக்குள் கசிவு, நுண்கசிவு எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் திணிக்கவேண்டாம். நான்கும் நான்கு கேள்வி.

சீ.டி. பக்கத்திலும் குழிகள் உண்டு. புதிய இரத்தம் ஏறத்தாழ 50 முதல் 80 ஹவுன்ஸ்பீல்ட் அலகு (சீ.டி.யில் வெண்மையை அளக்கும் அலகு), சாம்பல் பகுதி 35 முதல் 40. கல்சியம் பெரும்பாலும் 100ஐத் தாண்டும், ஆனால் மெல்லிய கல்சியம் இரத்தத்தின் எல்லைக்குள்ளேயே வந்து நிற்கும். இரத்தத்தின் வெண்மை ஹீமோகுளோபினில் இருந்து வருவது. அது 8, 9க்கு இறங்கிய சிறுநீரக நோயாளியில் புதிய கசிவே மூளையின் நிறத்தோடு கலந்துவிடலாம். ஆகவே படிவத்தில் ஹீமோகுளோபின், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைவதை அளப்பது) இரண்டுக்கும் இடம் விடுங்கள். 5 மி.மீ. துண்டுகளை மட்டும் பார்த்தால் உச்சந்தலை ஓரத்து மெல்லிய கசிவு மண்டையோட்டு வெண்மையோடு ஒன்றாகிவிடும். 1 மி.மீ. தரவில் இருந்து கொரோனல் (முன்னிருந்து பார்க்கும் வெட்டு) படமும் செய்து பார்க்கவேண்டும். அடைத்த இரத்தக்கட்டியைக் குழாய் வழியே எடுத்தவர்களில், அதற்கு ஏற்றிய அயடீன் மருந்து தேங்கி இரத்தம் மாதிரியே நிற்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் டுவல் எனர்ஜி சீ.டி. இல்லையென்றால் அவர்களை ஆய்வில் சேர்க்காதீர்கள்.

சுருள்_1.5:
ஸ்கேன் அறைப் பக்கம் நான் சொல்கிறேன். டிஃப்யூஷன் (புதிய அடைப்பைக் காட்டுவது) முதலில், அடுத்தது எஸ்.டபிள்யூ.ஐ., பிறகு ஃபிளேர் (மூளைநீரைக் கறுப்பாக்கிக் காட்டுவது). நேரம் போகப் போக நோயாளி அசைவது கூடும், எஸ்.டபிள்யூ.ஐ. 4, 5 நிமிடம் ஓடும் என்பதால் அசைவில் முதலில் கெடுவதும் அதுதான். அசைகிறவர்களுக்கு இரத்தத்தைக் காட்டும் இன்னொரு சீக்குவன்ஸான சாதாரண டீ2 ஸ்டார் கிரேடியண்ட் எக்கோவை மாற்று வழியாக முன்கூட்டியே எழுதி வையுங்கள். டிஃப்யூஷனோடு வரும் அடிப்படைப் படமான பி-பூச்சியப் படத்திலும் கட்டி கறுப்பாகத் தெரியும், நுண்கசிவுக்கு அதை நம்பக்கூடாது. எஸ்.டபிள்யூ.ஐ.க்கு 1.5 டெஸ்லாவில் டீ.ஈ. (எதிரொலி நேரம்) 40 மில்லிசெக்கன், 3 டெஸ்லாவில் 20 அளவில் வரும். பாதியில் மெஷினை மாற்றினால் நுண்கசிவு எண்ணிக்கையும் மாறிவிடும், ஆகவே ஒரே மெஷினோடு நில்லுங்கள்.

ஃபிளேரில் மூளை மடிப்புகள் வெள்ளையாக இருப்பதெல்லாம் சப்அரக்னொயிட் இல்லை. அதிக ஒட்சிசன் கொடுத்தாலும் அப்படித்தான் வரும். படிவத்தில் ஒட்சிசன் அளவையும் எழுதுங்கள்.

பேச முடியாத நோயாளி பாதுகாப்புப் படிவத்துக்குப் பதில் சொல்லமாட்டார். பேஸ்மேக்கர், அனியூரிசம் (இரத்தக்குழாய் வீக்கம்) கிளிப் பற்றி உறவினரிடம் கேளுங்கள், பழைய எக்ஸ்-ரேயும் பாருங்கள். தாலியைக் கழற்ற எல்லாருக்கும் ஞாபகம் வரும். அரைஞாணில் கட்டிய தாயத்துக் கூடும் சேலைக்குள் குத்திய ஊசியும்தான் தப்பிவிடும்.

மூன்றின்_விதி:
எண்ணிக்கைக்கு வருகிறேன். 30 கசிவில் 30ஐயும் பிடித்துவிட்டது என்றே வையுங்கள். தவறு பூச்சியமாக இருந்தால் உண்மையான தவறு வீதத்தின் 95 வீத மேல் எல்லை ஏறத்தாழ 3ஐ எண்ணிக்கையால் வகுத்தது. அதாவது 10 வீதம். பத்தில் ஒரு கசிவைத் தவறவிடக்கூடிய பரிசோதனையை நம்பி அல்டிபிளேஸ் (இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி) ஏற்றலாமா? 100 கசிவு கிடைத்தால் 3 வீதத்துக்கு இறங்கும். கசிவில்லாதவர்கள் அதற்கு வெளியே, தனி.

எம்.ஆர்.ஐ.க்குள் போகமுடியாதவர்களைச் சத்தமில்லாமல் விலக்கிவிடாதீர்கள். மயக்கத்தில் இருப்பவர், வாந்தி எடுப்பவர், பெரிய கட்டி உள்ளவர்தான் அந்தக் கூட்டத்தில் அதிகம். தொடர்ச்சியாக வந்த எல்லாரையும் பதிந்து, ஸ்கேன் ஓடாததையும் வாசிக்க முடியாததையும் தனி வரிசையில் காட்டுங்கள். ஒரே ஆளின் இரண்டு படங்கள் என்பதால் ஒப்பிட மக்நெமார் சோதனை, படிப்பவர்களின் உடன்பாட்டை அளக்கக் கப்பா.

பெரிய சிக்கல் நேரம். அந்த ஊசிக்குரிய 4.5 மணித்தியால எல்லைக்குள் வருகிறவருக்கு ஆய்வுக்காக ஊசியைத் தாமதிக்க நெறிமுறைக் குழு விடாது, விடவும் கூடாது. ஊசி ஏற்றிய பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால், இடையில் புதிதாகக் கசிந்ததா முன்பே இருந்ததா என்று பிரிக்கமுடியாது. ஊசிக்குத் தகுதியில்லாதவர்களோடு மட்டும் நின்றால் ஆய்வு சுத்தமாக இருக்கும், ஆனால் முடிவு அவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று தலைப்பிலேயே எழுதவேண்டும். அவர்களிலும் கட்டி முதல் சில மணித்தியாலங்களில் வளரும். இரண்டு ஸ்கேனுக்கும் இடைவெளியை 60 நிமிடத்துக்குள் வைத்து, எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். சீ.டி. பின்னுக்கு வந்தாலும் சிகிச்சை தாமதமாகாது என்று நெறிமுறைக் குழுவுக்குக் காட்டவேண்டிவரும்.

கின்சி_வீதி:
உரைகல்லை மாற்றி எழுதுகிறேன், நன்றி. இன்னொன்று: எஸ்.டபிள்யூ.ஐ.யில் கல்சியமும் கறுப்பு, இரத்தமும் கறுப்பு. அதோடு வரும் பேஸ் படத்தில் பிரிக்கலாம் என்கிறார்கள், ஆனால் ஒரு கம்பனி மெஷினில் வெள்ளையாக வருவது இன்னொன்றில் கறுப்பாக வருகிறதே?

சுருள்_1.5:
கம்பனியைப் பொறுத்துக் குறி தலைகீழாகும், நிறத்தை மனப்பாடம் செய்யவேண்டாம். அதே படத்தில் ஒரு சிரையைப் பாருங்கள். சிரை இரத்தம் எந்த நிறமோ, கசிவும் பெரும்பாலும் அதே நிறம். எதிர் நிறம் என்றால் கல்சியம். மூளை நடுவில் இருக்கும் பீனியல் சுரப்பியின் கல்சியத்தோடு ஒத்துப்பார்த்தால் இரட்டை உறுதி. பெரிய புள்ளியில் பேஸ் சுருண்டு நிறம் கலங்கும், அங்கே சீ.டி.யைத் திறந்து அலகை அளப்பதுதான் வழி. ஒரே துண்டில் புள்ளியாகத் தெரிவதை மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள், கோடாக நீண்டால் அது குறுக்கே வெட்டுப்பட்ட சிரை.