வலி எத்தனை என்று கேட்டதற்கு பூஜ்யம் என்றவர்

ராயபுரம் சிஸ்டர்:
வலி மேலாண்மைப் பயிற்சி முடித்து மூன்றாவது வாரம். காசிமேட்டில் ஒரு வீடு, வாய்ப் புற்றுநோய், விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன்: "பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல. இப்ப எவ்ளோங்கய்யா?" "பூஜ்யம்மா" என்றார். நோட்டில் 0 எழுதினேன். கிளம்பும்போது அவர் மனைவி வாசல் வரை வந்து, "மூணு நாளா படுக்கல சிஸ்டர், செவுத்துல சாஞ்சே உக்காந்திருக்காரு" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் கஞ்சி தொடாமல் ஆடை கட்டிக் கிடந்தது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மறுபடி உட்கார்ந்து, "வாயைத் திறக்க முடியுதா? ராத்திரி தூங்குறீங்களா?" என்றதும் அழுதுவிட்டார். டாக்டருக்கு போன் செய்தேன். அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் மறுநாள்தான் கிடைத்தது.

வண்ணாரப்பேட்டை:
வலிக்கு எண் மட்டும் கேட்டு வருவது பயிற்சியின் குறை அல்ல சிஸ்டர். உடம்பு, மனசு, குடும்பம், பணம் எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்று, நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கு வழிகாட்டிய இங்கிலாந்து டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் 1960-களிலேயே சொல்லிவிட்டார். எங்கள் வகுப்பில் முதல் பாடமே அது. மறுநாள் வரை மருந்து கிடைக்காததுதான் எனக்கு ஆறவில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை மார்ஃபின் வைத்திருப்பதை எளிதாக்கினார்கள். ஆனால் பயம் போகவில்லை. என் வார்டில் எலும்பு வரை புற்றுநோய் பரவிய ஒரு அம்மாவுக்கு மார்ஃபின் கேட்டபோது, "அடிமையாயிடுவாங்க" என்றார் பெரிய டாக்டர். நர்ஸ் எவ்வளவு படித்தாலும் மருந்துச் சீட்டில் கையெழுத்து அவருடையதுதானே. பேசாமல் நின்றேன்.

எண்ணூர் மருமகள்:
நான் நர்ஸ் இல்லை. என் மாமியாருக்கு மார்ஃபின் நன்றாகவே கேட்டது. ஆனால் அது மலத்தைக் கட்டிவிடும். ஐந்து நாள் வெளிக்குப் போகாததால் அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார், வலி திரும்பிவிட்டது. அதனால் சொல்கிறேன்: முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்து எழுதி வாங்குங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரைக்கு நாலு மணி நேரம்தான் கணக்கு, வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இடையில் வலி கிளம்பினால் எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். ஃபென்டனில் பேட்ச் (தோலில் ஒட்டும் வலி மருந்து) ஒட்டியிருந்தால் அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சூட்டில் மருந்து மளமளவென்று உள்ளே இறங்கிவிடும். எங்கள் வீட்டில் தெரியாமல் கொடுக்கப் போனோம். அப்புறம் மாத்திரை டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

ராயபுரம் சிஸ்டர்:
மருந்துக் கணக்கு எனக்குத் தெரியும் அக்கா. அவர் ஏன் பூஜ்யம் என்றார் என்பதுதான் புரியவில்லை. மனைவி பக்கத்தில் நின்றதாலா? நாளைக்கு தண்டையார்பேட்டையில் ஒரு வீடு. முதலில் அங்கே நோயாளியின் வீட்டம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன்.