புதுப்பிப்பு: ஆர், சாஸ் என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருள்களிலும் 90% நம்பிக்கை இடைவெளி வேறுபட்ட காரணம் தெரிந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: இரண்டு கட்ட, இரண்டு வரிசை கிராஸ்ஓவர் ஆய்வு (ஒவ்வொருவரும் இரண்டு மருந்தையும் கட்டத்துக்கு ஒன்றாக எடுப்பார்கள், ஒரு பகுதியினர் ஒரு வரிசையில், மற்றவர்கள் மாற்று வரிசையில்), ஒரே தரவு, ஆனால் லாக் எடுத்த சிமேக்ஸுக்கு (ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு) ஆரில் ஒரு இடைவெளி, சாஸில் வேறொன்று.

"இரண்டாம் கட்டத்துக்கு வராதவர்களைப் பாருங்கள்" என்றவர்தான் சரியாகப் பிடித்தார். சாஸில் ஓடியது ப்ராக் மிக்ஸ்ட் என்ற செயல்முறை, அதில் பங்கேற்பாளர் ராண்டம், அதாவது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு தற்செயலான சிதறலாகக் கருதப்படும். ஆரின் எல்எம் கட்டளையில் ஃபிக்ஸ்ட், அதாவது ஒவ்வொருவருக்கும் தனிக் குணகம். ஃபிக்ஸ்டாக வைத்தால் ஒரு கட்டம் மட்டுமே முடித்தவரின் அளவீட்டை அவருடைய குணகமே விழுங்கிவிடும், மருந்து ஒப்பீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ராண்டம் என்றால் ஆட்களுக்கு இடையிலான தகவல் வழியாக அவரும் கொஞ்சம் கணக்கில் வந்துவிடுகிறார். அவர்களை நீக்கிவிட்டு ஓட்டினால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. ஐரோப்பிய மருந்துகள் முகமையின் 2010 வழிகாட்டுதல் எல்லாவற்றையும் ஃபிக்ஸ்டாகவே வைக்கச் சொன்னது, அதனால் அறிக்கைக்கு சாஸில் எல்லாவற்றையும் அப்படி வைக்கும் ப்ராக் ஜிஎல்எம்.

எதிர்பாராத ஒன்று: ஆரின் அனோவா (மாறுபாட்டுப் பகுப்பாய்வு) அட்டவணையில் வரிசை விளைவின், அதாவது மருந்து எடுத்த வரிசையால் வரும் வேறுபாட்டின், பி மதிப்பு பயமுறுத்தும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. ஆர் வரிசையின் சராசரி வர்க்கத்தை (மாறுபாட்டின் அளவு) எச்சப் பிழையால் வகுக்கிறது, வகுக்க வேண்டியதோ வரிசைக்குள் இருக்கும் பங்கேற்பாளர் சராசரி வர்க்கத்தால். கையால் போட்டேன், சாதாரண எண்தான் வந்தது.

அப்புறம், இடைவெளியைக் கணக்கிடும் ஆரின் கான்ஃபின்ட் கட்டளை தானாக எடுப்பது 95%, 0.90 என்று கொடுங்கள், லாக்கை நீக்க எக்ஸ்பொனென்ஷியல் எடுத்த பிறகு, இரு மருந்துகளும் சமம் என ஏற்கும் 80.00–125.00% எல்லையோடு ஒப்பிடுங்கள்.