சரியான விடையோடு வரும் மாணவர்கள்

ஆய்வுக்கூடத்து அக்கா, பெங்களூரு:

மே மாதம் வந்தாலே எங்கள் கூடத்தில் புதிய முகங்கள். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையில் இரண்டு மாதத்துக்குக் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். வழிகாட்டி என்று பேராசிரியர் பெயர் இருக்கும். பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது, எந்தக் கழிவு எந்தப் பையில் போகும், மெஸ் எப்போது மூடும் என்பதெல்லாம் பிஎச்.டி. மாணவர்களான எங்கள் தலையில்.

ஒரு வருடம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முதல் வாரம் நான் மேடம், பிறகு அக்கா. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தைச் செலுத்தும் வேலை. பிளாஸ்மிட்டை ஏற்றுக்கொண்ட செல்கள்தான் ஆம்பிசிலின் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்து கலந்த தட்டில் வளரும். பிளாஸ்மிட் சேர்க்காத செல்களையும் இன்னொரு தட்டில் பரப்பி வைப்போம், அதுதான் கன்ட்ரோல். அதில் எதுவும் முளைக்கக் கூடாது.

மறுநாள் அவள் நோட்டில் அச்சடித்தாற்போல் ஓர் அட்டவணை. கன்ட்ரோலுக்கு நேரே சுழியம். கழிவுக்கு ஒதுக்கியிருந்த தட்டைத் தற்செயலாக எடுத்துப் பார்த்தால் கடுகை வாரி இறைத்ததுபோல் பாக்டீரியாக் காலனிகள்!

"இது என்னம்மா?"

"அதில் வரக்கூடாதே அக்கா. நான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துச் சுழியம் போட்டேன்."

முகத்தில் கள்ளமே இல்லை. எப்படி இருக்கும்? தனி ஊசலை ஆட்டிவிடுவதற்கு முன்பே புவியீர்ப்பு முடுக்கம் 980 செ.மீ./நொடி² வர வேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ரீடிங் ஒத்துவராவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதுவோம். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் அப்படித்தான் படித்து வந்தவர். இத்தனை வருடம் அதற்கு மதிப்பெண் போட்டுவிட்டு, திடீரென்று ஒரு மே மாதத்தில் 'கண்டதை எழுது' என்றால் அவள் எங்கே போவாள்?

தட்டுகளின் பூர்வீகத்தை விசாரித்தோம். கூடத்துக்குப் பொதுவாக ஒருவர் ஊற்றி வைத்தவை. தட்டில் ஊற்றும் கூழான அகர் சுமார் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு கலக்க வேண்டிய ஆம்பிசிலினை அவர் கொதிநிலை அடங்கும் முன்பே கலந்திருக்கிறார். அந்தச் சூட்டில் மருந்து சிதைந்துவிடும். அதே தட்டுகளை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு சீனியருக்கு அன்றுதான் காரணம் புரிந்தது. அந்த வாரம் கூடத்துக்கே கிடைத்த உருப்படியான ஒரே தகவல், அவள் சுழியமாக்கிய அந்தத் தட்டு.

அதன் பிறகு ஒரே கட்டளைதான். நோட்டை மேசையருகே நின்று, பேனாவால், அப்போதே எழுத வேண்டும். விடுதிக்கு எடுத்துப்போய் அழகாகப் படியெடுக்கக் கூடாது. அடித்தல் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. இறுதி அறிக்கையில் கன்ட்ரோல் தட்டின் படம் முன்னால் வரவேண்டும் என்று நான் வாதாடினேன். பேராசிரியர் பின்னிணைப்பில் போடச் சொல்லிவிட்டார். பின்னிணைப்பாவது கிடைத்ததே!

மியூவான் பிடிப்பவன், சென்னை:

எங்கள் பக்கமும் இதே கதைதான், இயற்பியல் வேடத்தில். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் கிடைக்கும் மியூவான் என்ற நுண்துகள்களை, துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக்கான சிண்டிலேட்டரில் நிறுத்தி, அவற்றின் ஆயுளை அளக்கும் சோதனை. புத்தக மதிப்பு 2.197 மைக்ரோநொடி. எங்களிடம் வந்த தம்பி அதையே கொண்டுவந்து நீட்டினான். எனக்கு அதுதான் உறுத்தியது. புத்தகத்தில் இருப்பது தடையின்றித் திரியும் மியூவானின் ஆயுள். சிண்டிலேட்டரில் நிற்பவற்றில் ஏறக்குறையப் பாதி எதிர்மின் மியூவான்கள். அவற்றில் சிலவற்றைச் சிதையும் முன்பே கார்பன் அணுக்கரு விழுங்கிவிடும். ஆகவே சராசரி கொஞ்சம் குறைந்து 2.1-ஐ ஒட்டித்தான் வர வேண்டும்.

விசாரித்தால், வரைபடத்தின் தொடக்கப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போய், புத்தக எண் வந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறான். நான் திட்டவில்லை. "நிறுத்தாதே, வெட்டிக்கொண்டே போ. ஒவ்வொரு வெட்டுக்கும் என்ன எண் வருகிறது என்று வரைந்து காட்டு" என்றேன். எண் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. "ஏன் அண்ணா நகர்ந்துகொண்டே இருக்கிறது?" என்று அவனே வந்து கேட்டான். அணுக்கரு விழுங்கும் கதையை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

பனியூர்க்காரன், அமெரிக்கா:

பழி முழுவதையும் நம் ரெக்கார்டு நோட்டின் மேல் போடாதீர்கள். இங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவர்களுக்கென்று கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் நடத்துகிறது. உதவித்தொகை உண்டு, பெரும்பாலும் பத்து வாரம். வருகிறவர்கள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பேராசிரியரையே மடக்கிக் கேள்வி கேட்கிறார்கள். ஆனாலும் விரும்பிய முடிவு வரும்வரை புள்ளிகளை வெட்டுகிற வேலை இங்கும் நடக்கிறது. காரணம், கடைசி வாரத்தில் முடிவுகளை எல்லோருக்கும் காட்டும் போஸ்டர். அதில் ஒரு வரைபடமாவது ஏறுமுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். நம்மில் பலர் நமது கட்டுரைக்குத் தேவையான ஒரு படத்தைத்தான் 'புராஜெக்ட்' என்று அந்தப் பிள்ளைகளிடம் தூக்கிக் கொடுக்கிறோம். அந்தப் படம் எப்படி வரவேண்டும் என்று நமக்கு ஓர் ஆசை இருக்கிறது. வந்த வாரத்திலேயே அவர்கள் அதை மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எனக்கு லாபநஷ்டம் இல்லாத கேள்வியைத்தான் இப்போதெல்லாம் கொடுக்கிறேன். என் கட்டுரை ஆமை வேகத்தில் போகிறது, அது வேறு விஷயம்.

முன்னாள் கோடைக்கால மாணவி:

மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எனக்கு வழிகாட்டிய அண்ணன் நல்லவர், பொறுமைசாலி. சோதனை முடிவைப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் பட்டை பளிச்சென்று வந்தால் பக்கத்து மேசைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். வராத நாளில், "பரவாயில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு சொல்கூடக் கடிந்துகொண்டதில்லை. இருந்தாலும் வராத படங்களை அவரிடம் கொண்டுபோவதை நான் நிறுத்திவிட்டேன். அது அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன்.

இந்த ஜூனில் என்னிடமே ஒரு மாணவர் வருகிறார். ஏற்கெனவே சரிபார்த்த பிரைமர்களை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) கொடுத்து, டி.என்.ஏ.வைப் பல மடங்கு படியெடுக்கும் பிசிஆர் ஒன்றைச் செய்யச் சொல்லலாம், டெம்ப்ளேட், அதாவது படியெடுக்க வேண்டிய டி.என்.ஏ., சேர்க்காத கன்ட்ரோல் குழாயையும் கூடவே ஓட்டி, அதை முதலில் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். முதல் வாரத்துக்கு இது போதுமா, இன்னும் எளிதாக ஏதாவது கொடுக்கலாமா? பழகியவர்கள் சொல்லுங்கள்.