ஸ்க்ரைப் கிடைக்காத பயத்தில் தூக்கமே போய்விட்டது

கார்முகில்:
எம்.ஏ. வரலாறு முதல் ஆண்டு படிக்கிறேன். முழுப் பார்வையின்மை. பாடத்தில் பயமில்லை, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளை வைத்துப் படித்துவிடுவேன். தேர்வுத் தேதி வந்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. ஐந்து தாளுக்கும் ஸ்க்ரைப்பை, அதாவது நான் சொல்லச் சொல்ல விடை எழுதுபவரை, நானே தேட வேண்டும். ஜூனியர் வகுப்பு வாசலில் நின்று கெஞ்ச வேண்டும். போன செமஸ்டரில் வருவதாகச் சொன்ன பெண் பரீட்சை அன்று காலை எட்டரைக்குப் போனை அணைத்துவிட்டாள். அலுவலகத்தில் பிடித்துத் தந்த தம்பிக்கு வேகமாக எழுத வராது. நான் சொல்லச் சொல்ல, பேனாச் சத்தம் நின்று நின்று வந்தது. ‘நிலமானியமுறை’யை மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். அவன்மேல் கோபமில்லை, உதவ வந்த பிள்ளை. ஆனால் தெரிந்த விடைகளை விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

அதிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மெஸ்ஸுக்குப் போகவே பிடிக்கவில்லை. தட்டு எடுத்துத் தருபவருக்கு, கைபிடித்துக் கூட்டிப்போகிறவருக்கு என்று நாள் முழுக்க நன்றி சொல்லியே களைத்துவிட்டேன். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்தச் சொல்வார்கள். இது மனநோயா?

பழைய மாணவன்:
தங்கச்சி, நானும் பார்வையற்றவன்தான், இப்போது பள்ளி ஆசிரியர். நீங்கள் கேட்பது உதவி இல்லை, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17 ஸ்க்ரைப்பையும் கூடுதல் நேரத்தையும் சொல்கிறது. மத்திய அரசின் 2018 தேர்வு வழிகாட்டுதலிலேயே மணிக்கு 20 நிமிடம் கூடுதல் தரப்பட்டது. ஸ்க்ரைப்பை இரண்டு நாள் முன்பே சந்தித்து, சரிப்படுவாரா என்று பார்க்கலாம் என்றும் அதில் இருந்தது. அப்படி முன்பே சந்திப்பதை விடாதீர்கள், ஒரு பக்கம் சொல்லி எழுதவைத்துப் பாருங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

தேன்சிட்டு:
நோயா என்று இங்கே யாரும் சொல்ல முடியாதுமா. ஆனால் தூக்கமும் சாப்பாடும் போனால் காத்திருக்காதீங்க. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், இரவிலும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம். எனக்குப் போலியோ. நான் போன முதல் கவுன்சிலர் முழு நேரமும் என் காலைப் பற்றியே கேட்டார். நான் போனது அப்பா இறந்த துக்கத்தில். அதோடு போவதையே விட்டுவிட்டேன், இரண்டு வருடம் வீணாச்சு. ஒருவர் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் போங்க.

கார்முகில்:
நேற்று ராத்திரி இரண்டரைக்கு 14416-ல் பேசினேன். அழுதேன், அவசரப்படுத்தாமல் கேட்டார்கள். மனுவும் தயார். வராமல்போனால் மாற்று ஆள் வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்கலாமா அண்ணா?

பழைய மாணவன்:
கண்டிப்பாகக் கேளுங்கள். அதை முதல் பத்தியிலேயே போடுங்கள்.