ரிசார்ட் கான்ஃபரன்ஸுக்கு காம்ப்-ஆஃப் கேட்டால் பேராசையா?

சோழிங்கநல்லூர்க்காரன்:
"கம்பெனி காசில் மாமல்லபுரம் ரிசார்ட்டில் இரண்டு நாள் சொகுசாக இருந்துவிட்டு, அதற்கும் காம்ப்-ஆஃப் (லீவு நாளில் பார்த்த வேலைக்கு ஈடான லீவு) கேட்பது பேராசை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. போன மாதம் நானும் போனேன். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு பஸ். ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை ஏசி ஹாலில் விற்பனை இலக்கு. ராத்திரி வாடிக்கையாளர்களோடு விருந்து. ஞாயிறு காலை ஆறு மணிக்கு கடற்கரையில் யோகா, அதற்குக் கையெழுத்து வேறு வாங்கினார்கள். கடற்கரைக் கோயிலைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்கவில்லை. இதில் சொகுசு எங்கே ஐயா?

மேலாளர்72:
எழுதியவன் நான்தான். தம்பி, யோகாவுக்கு உங்களை யார் கூப்பிட்டது? இஷ்டம் இருந்தால் வரலாம் என்பதுதான் எங்கேயும் வழக்கம். தூங்கியிருக்கலாமே.

சோழிங்கநல்லூர்க்காரன்:
இஷ்டத்துக்கு எதற்குக் கையெழுத்து?

மேலாளர்72:
எத்தனை பாய், எத்தனை இளநீர் என்று ரிசார்ட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டாமா? பத்து வருடம் இந்த ஏற்பாடுகளைச் செய்தவன் நான். ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாயைத் தாண்டினாலே அறைக்கு ஜிஎஸ்டி மட்டும் 18 சதவீதம். அதற்கு மேல் ஹால், பஸ், மூன்று வேளை பஃபே. இவ்வளவும் கொடுத்த பிறகு ஒரு கையெழுத்துக்கு இத்தனை அழுகையா?

வேளச்சேரி அம்மா:
பாய்க் கணக்கு முதல் நாளே தெரிந்துவிடும் சார். யோகா முடிந்த பிறகு வாங்கும் கையெழுத்து எந்தக் கணக்கு? நான் நாலு வயதுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். அறையில் முன்பின் தெரியாத ஒருவரோடு ட்வின் ஷேரிங். அவர் ராத்திரி ஒன்றரை வரை போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மேலாளர்72:
அறைத் தோழி போன் பேசியதற்கும் கம்பெனியா பொறுப்பு? என் கம்பெனியில் யோகா முடிந்து ஒருநாளும் கையெழுத்து வாங்கியதில்லை.

சோழிங்கநல்லூர்க்காரன்:
உங்கள் கம்பெனியைப் பற்றி யார் பேசினார்கள்? என் கம்பெனியில் வாங்கினார்கள்.

சட்டப்புலி:
1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி வாரத்தில் முழுதாக ஒருநாள் விடுமுறை உண்டு. சனி, ஞாயிறு இரண்டையும் எடுத்துக்கொண்டால் அந்த வார விடுமுறை எங்கே போனது?

மேலாளர்72:
வந்துவிட்டார். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதையும் சேர்த்துப் படியுங்கள். போன தடவை பி.எஃப். விவாதத்திலும் பாதியைப் படித்துவிட்டு வந்துதான் மாட்டிக்கொண்டீர்கள்.

சட்டப்புலி:
பி.எஃப். விவாதத்தில் பாதியில் ஓடியது நீங்கள். பழைய பதிவு அப்படியே இருக்கிறது. ரிசார்ட் செலவைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, 2008 செப்டம்பரில் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தை அமெரிக்க அரசு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. அடுத்த வாரமே அதன் துணை நிறுவனம் கலிபோர்னியாவில் கடலோர ரிசார்ட்டில் 4,40,000 டாலருக்கு மேல் செலவழித்துக் கூட்டம் நடத்தியது. அவர்களும் அதை வேலை என்றுதான் சொன்னார்கள்.

மேலாளர்72:
அது நன்றாக விற்ற முகவர்களுக்கான கூட்டம், அதிகாரிகளுக்கானது அல்ல. இதிலும் பாதிதான். தவிர, அது வேலை என்று நீங்கள் ஒப்புக்கொண்டால் ரிசார்ட் சொகுசு என்கிற பேச்சே கிடையாதே.

வேளச்சேரி அம்மா:
சொகுசு என்று முதலில் எழுதியதே நீங்கள்தான் சார்!

மேலாளர்72:
இருபத்தைந்து வருடம் ஞாயிறு பார்க்காமல் உழைத்தவன் அம்மா நான். எனக்கு யாரும் கடலைக் காட்டவில்லை. செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் எங்கள் கான்ஃபரன்ஸ். தரையில் படுத்தோம், வாய் திறக்கவில்லை. இந்தத் தலைமுறைக்கு பஃபேயும் வேண்டும், திங்கட்கிழமை லீவும் வேண்டும்.

சோழிங்கநல்லூர்க்காரன்:
உங்களுக்குக் கொடுக்காததை எங்களுக்கும் கொடுக்கக்கூடாது என்பது என்ன நியாயம்? அப்புறம், நான் உங்களுக்குத் தம்பி இல்லை. எனக்கு நாற்பத்தொன்று.

மேலாளர்72:
நாற்பத்தொரு வயதில் யோகாவுக்கு வரவில்லை என்று சொல்லத் தெரியாதா?

சோழிங்கநல்லூர்க்காரன்:
வராத மூன்று பேரின் பெயரை நிறைவு உரையில் மேடையிலேயே வாசித்தார்கள். இப்போது சொல்லுங்கள், அந்தக் கையெழுத்து பாய்க் கணக்குக்கா?

மேலாளர்72:
இளநீர்க் கணக்குக்கும்தான். அதையும் மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.