மேட்டூர் அணை தூண்டில், டென்ட்: புதுப்பிப்பு

மீனுக்கு இரையாக நான் சொன்ன புண்ணாக்கு உருண்டை கொக்கியில் நிற்காமல் கரைகிறது என்று முந்தைய இழையில் சிலர் சொன்னீர்கள். அங்கே நான் கொடுத்த அளவில் மைதா குறைவு, அதுதான் காரணம். சரியான அளவு: கடலைப் புண்ணாக்குப் பொடி இரண்டு பங்கு, தவிடு ஒன்று, மைதா ஒன்று. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, ஈரத்துணியில் அரை மணி நேரம் மூடி வையுங்கள். விரலில் ஒட்டாமல், அழுத்தினால் விரிசல் விடாமல் இருந்தால் பதம் சரி. கட்லா மீன் மேல்மட்டத்தில் மேயும். அதற்கு, தூண்டில் நூலில் உள்ள ஈய எடையைக் குறைத்து, மிதக்கும் தக்கையைக் கொக்கிப் பக்கம் இறக்குங்கள். இரை அடியில் கிடந்தால், அடிமட்டத்தில் மேயும் மிர்கால் மீன்தான் தொடும்.

டென்ட் விஷயத்தில் ஒரு திருத்தம்: கரையோர வண்டலில் டென்ட் அடிக்கவே வேண்டாம். ஆடியில் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைத் திறந்தால் மேட்டூர் நீர்மட்டம் இரவோடிரவாக ஏறும். சரிவு குறைந்த கரையில் ஓரடி ஏற்றமே படுக்கை வரை வந்துவிடும். அணை நிரம்பும்போது தண்ணீர் எட்டும் 120 அடி நீர்க்கோட்டுக்கு மேலே, அனுமதி உள்ள இடத்தில் மட்டும் அடியுங்கள்.